10 மைக்ரோகிராம் புரதத்தை வீணாக்காமல்: சுண்டெலிக் கெமோகைனைக் கரைத்து, பங்கிட்டு, செல் நகர்வைச் சோதிக்கும் முறை

கெமோகைன்கள் செல்களை இடம்பெயரச் செய்யும் சிறு புரதங்கள். பெரும்பாலானவற்றின் எடை 8 முதல் 14 கிலோடால்டன் வரைதான். வெள்ளையணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளைக் கொண்டு கெமோகைனின் செறிவு எந்தப் பக்கம் கூடுகிறது என்பதை உணர்ந்து, அந்தப் பக்கம் நகர்கின்றன. அப்புரதத்திற்குரிய சுண்டெலி மரபணுவை, பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திச் செய்வித்து, தூய்மையாக்கி, உறைநிலையில் உலர்த்திக் குப்பியில் அடைத்துத் தருவதே மறுசேர்க்கைக் கெமோகைன். இங்கே சிஎக்ஸ்சிஎல்12 என்ற கெமோகைனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எஸ்டிஎஃப்-1 என்பது அதன் பழைய பெயர். அதன் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. மண்ணீரல் செல்கள் பலவற்றில் அந்த ஏற்பி இருப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இது ஏற்ற இணை.

படி 1: விவரத்தாளைப் படித்தல்

சுண்டெலிச் செல்லுக்குச் சுண்டெலிப் புரதமே வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. அதற்கு ஒரே பதில் கிடையாது. சிஎக்ஸ்சிஎல்12-இன் ஆல்ஃபா என்ற வகையின் முதிர்ந்த வடிவில் 68 அமினோ அமிலங்கள் உள்ளன. மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இடையே அவற்றில் ஒன்றே ஒன்றுதான் வேறுபடுகிறது. ஆகவே இங்கே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்வதில் வியப்பில்லை. சிசிஎல்2 என்ற மற்றொரு கெமோகைன் அப்படியன்று: மனித வடிவம் 76 அமினோ அமிலங்களோடு முடிந்துவிட, ஜேஇ என்று பழைய குப்பிகளில் காணப்படும் சுண்டெலி வடிவம் 125 வரை நீள்கிறது. சிஎக்ஸ்சிஎல்8-க்கு, அதாவது இன்டர்லூக்கின்-8-க்கு, சுண்டெலியில் நேரிணையான மரபணுவே இல்லை. கேசி எனப்படும் சிஎக்ஸ்சிஎல்1, எம்ஐபி-2 எனப்படும் சிஎக்ஸ்சிஎல்2 போன்றவையே அங்கே அந்தப் பணியைச் செய்கின்றன. பெயரை மட்டும் பார்த்துப் புரதம் வாங்குவது ஆபத்து.

அடுத்து, புரதத்தின் முன்முனையைப் பாருங்கள். கெமோகைன் ஏற்பியைத் தூண்டுவதற்கு அதன் முதல் சில அமினோ அமிலங்களே இன்றியமையாதவை. ரான்டிஸ் என்னும் சிசிஎல்5-இன் முன்னால் மெத்தியோனின் ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டதாலேயே, அது தூண்டும் பொருளாக இல்லாமல் ஏற்பியைத் தடுக்கும் பொருளாக மாறிவிட்டதை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே முன்முனையில் ஒட்டுத்துண்டு சேர்க்கப்பட்ட புரதத்தை நகர்வுச் சோதனைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சுப்பொருளான எண்டோடாக்சினின் அளவையும், ஆல்புமின் போன்ற தாங்கு புரதம் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கரைத்தல்

சோதனை தோற்றுவிட்டது என்று வருந்துபவர்களில் பலர் உண்மையில் இந்தப் படியில்தான் தோற்றிருப்பார்கள். 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாது. சில வேளைகளில் மங்கலான படலமாகக் குப்பியின் சுவரில் தெரியும், சில வேளைகளில் குப்பி காலியாகவே தோன்றும். நான் முதன்முதலில் திறந்த குப்பி காலியாகத்தான் இருக்கிறது என்று நம்பி, அதைச் சுழற்றாமலேயே மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மூடியின் உட்புறத்தில் எவ்வளவு புரதம் ஒட்டியிருந்ததோ, அன்று செல்கள் நகரவேயில்லை.

ஆகவே குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். பிறகு மையவிலக்கியில் ஒரு நிமிடம் சுழற்றி, பொடி முழுவதையும் அடியில் சேருங்கள். 0.1 சதவீதம் மாட்டுச் சீரம் ஆல்புமின் கலந்த, கிருமி நீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் தாங்கல் உப்புநீர்) கரைசலில் 100 மைக்ரோலிட்டரைச் சேர்த்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற செறிவு கிடைக்கும். 8 கிலோடால்டன் எடைக்கு இது 12.5 மைக்ரோமோலார். விவரத்தாள் வேறு கரைப்பானைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கரைசலைச் சுவரோரமாக மெதுவாக விட்டு, குப்பியைச் சாய்த்து உருட்டி, கால் மணி நேரம் வைத்திருங்கள். நுரை பொங்கும்படி வார்டெக்ஸ் என்ற குலுக்கு கருவியில் குலுக்க வேண்டாம்.

ஆல்புமின் எதற்கு? கெமோகைன்களில் பெரும்பாலானவை நேர்மின்னேற்றம் மிகுந்தவை. நீர்த்த கரைசலில் அவை பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஏராளமான ஆல்புமின் அந்த இடங்களை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது.

படி 3: பங்கிடுதல்

புரதம் ஒட்டாத வகைச் சிறு குழாய்களில் 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, பெயர், செறிவு, தேதி எழுதி, −80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். கணக்குப்படி பத்துப் பங்கு. கையில் ஒன்பதுதான் தேறும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது சூடேறி இறங்குவதால் அது இதற்கு ஆகாது. உருகிய பங்கை மீண்டும் உறையவைக்க வேண்டாம்.

படி 4: நீர்த்தல்

0.5 சதவீதம் ஆல்புமின் கலந்த ஆர்பிஎம்ஐ 1640 என்ற செல் வளர்ப்பு ஊடகத்தையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். சீரத்தைத் தவிர்க்கக் காரணம் உண்டு: சீரத்திலுள்ள டைபெப்டிடைல் பெப்டிடேஸ்-4 என்ற நொதி, சிஎக்ஸ்சிஎல்12-இன் முன்முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டி, அதைச் செயலிழக்கச் செய்யும்.

ஒரு பங்கான 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இதுவே முதற்கலவை. அதில் 500 மைக்ரோலிட்டரை எடுத்து 4.5 மில்லிலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் 100 நானோகிராம். அதிலிருந்து 250 மைக்ரோலிட்டரை 2.25 மில்லிலிட்டரில் சேர்த்தால் 10 நானோகிராம். முதற்கலவையில் எஞ்சியதைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

படி 5: தட்டை அமைத்தல்

உரிய அனுமதியுடன் பெற்ற மண்ணீரல் செல்களைக் கழுவி, சிவப்பணுக்களை நீக்கி, 37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓய்வில் விடுங்கள். பிறகு மில்லிலிட்டருக்கு 55 லட்சம் என்ற செறிவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்பது பங்கு செல்லுடன் ஒரு பங்கு வெறும் ஊடகத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 50 லட்சமாகும். மேலறையில் இடுவதற்கான பொதுவான மேற்கலவை இது. தனியாக, 315 மைக்ரோலிட்டர் செல்லுடன் 35 மைக்ரோலிட்டர் முதற்கலவையைச் சேருங்கள். இதில் கெமோகைன் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் இருக்கும்.

24 குழித் தட்டில், 5 மைக்ரோமீட்டர் துளையுள்ள டிரான்ஸ்வெல் செருகிகளைப் பயன்படுத்துங்கள். இவை அடியில் துளைச்சவ்வு கொண்ட சிறு கிண்ணங்கள்; குழிக்குள் இறக்கினால் கிண்ணத்தின் உட்புறம் மேலறை, சவ்வுக்குக் கீழே உள்ளது கீழறை. கீழறையில் 600 மைக்ரோலிட்டர், மேலறையில் 100 மைக்ரோலிட்டர். வெறும் ஊடகம் மூன்று குழி, 10 நானோகிராம் மூன்று, 100 நானோகிராம் மூன்று. அடுத்த மூன்றில் கீழேயும் 100 நானோகிராம், மேலேயும் கெமோகைன் கலந்த செல்கள். செருகி இல்லாத ஒரு குழியில் 600 மைக்ரோலிட்டர் ஊடகமும் 100 மைக்ரோலிட்டர் மேற்கலவையும் நேரடியாக விடுங்கள். மொத்தச் செல் எண்ணிக்கைக்கு அதுவே அளவுகோல்.

செருகியை நேராக இறக்காமல் சாய்த்து இறக்குங்கள். நேராக இறக்கினால் சவ்வின் அடியில் காற்றுக்குமிழி சிக்கி, அந்த இடத்தில் கீழறைக்கும் மேலறைக்கும் தொடர்பே அற்றுப்போகும். தட்டைத் தலைக்குமேல் உயர்த்தி அடியிலிருந்து பார்த்தால் குமிழி வெள்ளி வட்டமாகத் தெரியும். பிறகு 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வையுங்கள்.

படி 6: எண்ணுதலும் பொருள்கொள்ளுதலும்

சவ்வின் அடியில் தொங்கும் செல்கள் கீழே விழும்படி செருகியை மெல்லத் தட்டி எடுத்து, கீழறைச் செல்களை, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியான ஃப்ளோ சைட்டோமீட்டரில் எல்லாக் குழிக்கும் ஒரே கால அளவில் எண்ணுங்கள். கெமோகைன் உள்ள குழியின் எண்ணிக்கையை வெறும் ஊடகக் குழியின் எண்ணிக்கையால் வகுத்தால் நகர்வுக் குறியீடு கிடைக்கும்.

இருபக்கமும் கெமோகைன் இட்ட குழிகளை வீண்செலவு என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. என் கணிப்பில் தட்டின் மதிப்பே அவற்றில்தான் இருக்கிறது. செறிவு வேறுபாடே இல்லாத அங்கேயும் அதே அளவு செல்கள் இறங்கியிருந்தால், அவை திசையறிந்து நகரவில்லை, வெறுமனே பரபரப்பாக அலைந்து தற்செயலாகக் கீழே வந்திருக்கின்றன. சிக்மண்ட், ஹிர்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியது முதல், இந்தக் கட்டுப்பாடு இல்லாத நகர்வுச் சோதனையை முழுமையானதாகக் கொள்ள முடிவதில்லை.

அடுத்த முறை செறிவுகளை 1 முதல் 1000 நானோகிராம் வரை விரிக்கும்போது, மிக உயர்ந்த செறிவில் நகர்வு குறைந்தால் திகைக்க வேண்டாம். ஏற்பிகள் அனைத்தும் நிரம்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிட்டால், செல்லுக்கு எந்தப் பக்கம் அதிகம் என்பது தெரியாமல் போகிறது. எனவேதான் வரைகோடு மணி வடிவம் கொள்கிறது. எந்தச் செறிவிலுமே நகர்வு இல்லையென்றால், முதலில் செல்லின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 இருக்கிறதா என்று அந்த ஏற்பியில் ஒட்டும், சாயம் பூசிய எதிர்ப்புரதத்தை இட்டுப் பாருங்கள், பிறகு குமிழியைச் சந்தேகியுங்கள், அதன் பிறகு புதிய பங்கு ஒன்றை உருக்குங்கள்.