வகுப்பறைப் பழக்கத்தின் வேரைத் தேடுவது எப்படி: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு

கல்வித் தத்துவமும் கல்வி வரலாறும் பட்டயப் படிப்பில் பெரும்பாலும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவை. ரூசோ, டூயி, காந்தி என்று பெயர்கள் நினைவிருக்கும். ஆனால் வகுப்பில் நின்றதும் நமக்குப் பாடம் எடுத்த வாத்தியார் செய்ததையே நாமும் செய்கிறோம். அதனால் பெயர்களை விட்டுவிட்டுப் பழக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டு எடுத்து, 5 பள்ளி நாள்களுக்கு மாலையில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். அன்று யோசிக்காமல் செய்த 3 காரியங்களை எழுதுங்கள். ‘மாணவர்களை ஊக்குவித்தேன்’ என்று வந்தால் அடித்துவிடுங்கள், அது அறிக்கை மொழி. ‘ஏழாம் வாய்ப்பாட்டை எல்லாரையும் சேர்ந்து ஒப்பிக்க வைத்தேன்’, ‘பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத லீடரிடம் சொன்னேன்’ என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும்.

அடுத்த வாரம் ஒவ்வொன்றுக்கும் வேர் தேடுங்கள். லீடரையே எடுத்துக்கொள்ளலாம். பழைய திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு உதவிய மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதும் உள்ளூர் முறையையும், பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பதையும் கையாண்டார். அது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போனது. பெயர் எழுதும் லீடரிடம் கற்பிக்கும் பாதி உதிர்ந்து, காவல் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதில் எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

பழைய முறையைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். 1792 முதல் 1799 வரை நம் பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதி) பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ, சென்னை மாகாண ஆளுநரான பின் 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் தந்த கணக்கில் சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது: ‘அப்பா ஆடு மேய்க்கிறார், இவனுக்கு இவ்வளவு போதும்’ என்ற நினைப்பு நோட்டில் எங்காவது தலைகாட்டுகிறதா? ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்த 1953இல் தொடக்கப் பள்ளியை நாளுக்கு 3 மணி நேரமாக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்தது. 1954இல் அடுத்து முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு. ஆனால் அங்கே தொழில் வழியாகக் கணக்கும் மொழியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதுங்கள். ஆட்டுக் கணக்கை வைத்துக் கழித்தல் சொல்லித் தருவது ஒன்று, பிள்ளையை ஆட்டோடு நிறுத்திவிடுவது வேறொன்று. வகுப்பில் இவை அடிக்கடி குழம்பும்.

தளி, ஓசூர் பக்கம் வீட்டுமொழியையும் சேருங்கள். தண்ணீர்ப் படத்துக்குத் தெலுங்கில் ‘நீள்ளு’ என்று சொன்ன பிள்ளைக்குப் பொருள் தெரியும், தமிழ்ச் சொல்தான் தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ‘தப்பு’ என்பதற்குப் பதில், ‘ஆமாம், தமிழில் தண்ணீர்’ என்று சொல்லிப் பாருங்கள்.

பிறகு ஒரே வாக்கியம் எழுதுங்கள்: ‘நான் இன்னதை நம்புகிறேன், அதனால் என் வகுப்பில் இதைச் செய்வேன், இதைச் செய்யமாட்டேன்.’ ‘செய்யமாட்டேன்’ இல்லாத வாக்கியம் வெறும் கோஷமாகிவிடும். ஒரே ஒரு மாற்றத்தை 2 வாரம் நடத்துங்கள். நாலைந்தை ஒன்றாகத் தொட்டால் எது பலித்தது என்று தெரியாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் 3 பேர் சேர்ந்து, நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் 20 நிமிடம் பேசலாம். எல்லாப் பழியையும், ஆங்கிலவழிக் கல்விக்கு வாதாடிய மெக்காலே மீது போட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தமிழ்நாடு அரசின் தொடக்க வகுப்புத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இன்றைக்கு நிற்கும் படிகள். ‘அவ அரும்புப் பிள்ளை’ என்று நோட்டில் எழுதியிருந்தால், அடுத்த வேர்த் தேடலை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.