தொட்டவா, சிக்கவா? பெங்களூரு ஊர்ப்பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலாசிபாளையத்தில் லோடு வண்டி அனுப்பும் வேலை எனக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து புதிதாக வரும் பையன்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நெளிவுசுளிவெல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஊர்ப்பெயரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் வந்த புதிதில் மாட்டிய அதே இடத்தில், அதே பெயரில். பெங்களூர் இல்லை பெங்களூரு என்பது, 2014 நவம்பரில் அரசு மாற்றியது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். காசும் நேரமும் போகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதி வாங்குவது

கன்னடத்திலும் நம்மைப் போலவே எ-ஏ, ஒ-ஓ தனித்தனி. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் குறில் நெடில் காணாமல் போய்விடுகிறது. கோடிஹள்ளி என்பது இந்திராநகரை ஒட்டி, பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருப்பது. கொடிகேஹள்ளி ஹெப்பாளுக்கு வடக்கே, சஹகாரநகர் பக்கம். இவை போதாதென்று வைட்ஃபீல்டு பக்கம் காடுகோடி. வாட்ஸப்பில் வந்த ஆங்கில அட்ரஸை அவசரமாகப் படித்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் போன் போட்டு, அவர்கள் வாயால் பெயரைச் சொல்லச் சொல்லி, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். குறில் நெடில் நம் எழுத்தில் அப்படியே நிற்கும்.

ஒன்று மட்டும் நிற்காது. த, ட, ப எல்லாம் வல்லினமா மெல்ல ஒலிப்பதா என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். பலகையைப் பார்த்து 'டாம்லூர்' என்று சொல்பவர்கள் ஏராளம். அது தொம்லூர், பழைய ஆட்கள் வாயில் தொம்மலூரு. தோசை என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தத் த. அங்கே சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. அந்த ஊர்ப் பெயரைத் தமிழர்களே கெடுத்துச் சொல்வது எனக்குப் பொறுப்பதில்லை.

வாலை வெட்டுவது

பொம்மனஹள்ளி, பொம்மசந்திரா. இரண்டும் ஓசூர் ரோடு. ஒன்று எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முன்னால், இன்னொன்று அதைத் தாண்டி. 'பொம்மா பக்கம்ணா' என்று சொன்னால் வண்டி எடுக்காதீர்கள்.

தலையை வெட்டுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் தவறு. தொட்ட என்றால் பெரிய, சிக்க என்றால் சின்ன. ஊட்டி தொட்டபெட்டாவில் இருக்கிறதே, அதே தொட்டதான். பெங்களூரைச் சுற்றி இப்படிப் பெரியதும் சின்னதுமாக ஜோடி ஊர்கள் நிறைய. தொட்டகல்லசந்திரா கனகபுரா ரோட்டில், மெட்ரோ நிலையம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சிக்ககல்லசந்திராவுக்கு உத்தரஹள்ளிப் பக்கம் போக வேண்டும். வெறுமனே 'கல்லசந்திரா' என்று கேட்டுக்கொண்டு போகிறவன் பாதி நாள் இரண்டுக்கும் நடுவில் சுற்றுவான்.

அதுவாவது ஊருக்குள். தொட்டபள்ளாபுராவும் சிக்கபள்ளாபுராவும் ஊருக்கு வெளியே, தனித்தனி டவுன்கள், இடையில் நந்தி மலை. ஒரு முகூர்த்தத்துக்கு மார்க்கெட்டிலிருந்து வாழை இலைக் கட்டும் காய்கறி மூட்டையும் ராத்திரியே ஏற்றி அனுப்பினோம். சமையல்காரர் போனில் சொன்னது 'சி.பி.புரா'. புதுப் பையன் காதில் விழுந்தது 'டி.பி.புரா'. இங்கே எல்லாரும் இந்த இரண்டு சுருக்கத்தையும்தான் சொல்கிறார்கள், மார்க்கெட் இரைச்சலில் சி-யும் டி-யும் ஒரே மாதிரிதான் கேட்கும். யெலஹங்காவில் நேராகப் பல்லாரி ரோட்டைப் பிடித்து, தேவனஹள்ளி தாண்டிப் போயிருக்க வேண்டும். இடப்பக்கம் பிரியும் ரோட்டில் திரும்பிவிட்டான். விடியற்காலையில் போன்: "அண்ணா, பள்ளாபுரா பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன், அப்படி ஒரு மண்டபமே இல்லைங்கிறாங்க." வண்டி மண்டபம் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தியே எழுந்துவிட்டது. சமையல்காரர் அக்கம்பக்கத்தில் கிடைத்த இலையைக் கேட்ட விலைக்கு வாங்கிச் சமாளித்திருந்தார். வாடகையில் அதைப் பிடித்துக்கொண்டார், டீசல் எங்கள் தலையில். பையனைத் திட்டி என்ன பயன்? அட்ரஸ் சொல்பவர் முழுப்பெயரைச் சொல்ல இரண்டு நொடி செலவழிக்க மாட்டேன் என்கிறார், கேட்பவன் திரும்பக் கேட்கக் கூச்சப்படுகிறான். அடுத்த செட் பையன்களிடமும் இதே கதைதான் நடந்தது, அந்த முறை ஏற்றியிருந்தது கட்டிலும் பீரோவும்.

கூச்சமே வேண்டாம். 'தொட்டவா சிக்கவா' என்று இரண்டு முறை கேளுங்கள். சுருக்கம் சொன்னால் மாவட்டத்தைக் கேளுங்கள்: சிக்கபள்ளாபுரா 2007-இலிருந்து தனி மாவட்டத்தின் தலைநகர், தொட்டபள்ளாபுரா பெங்களூரு ஊரக மாவட்டத்தில் (அதன் பெயரைப் பெங்களூரு வடக்கு என்று மாற்ற 2025-இல் அரசு முடிவெடுத்தது). தேவனஹள்ளி வழியாகத்தானே என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

'கே.ஆர்.' என்று நிறுத்துவது

கே.ஆர். மார்க்கெட், கே.ஆர். சர்க்கிள், கே.ஆர். புரம். கடைசியில் சொன்னது ஊரின் கிழக்குக் கோடி. சென்னை ரயில்கள் முதலில் வருவது அங்கேதான். கே.எஸ்.ஆர். என்பது மெஜஸ்டிக்கில் இருக்கும் சிட்டி ஸ்டேஷன். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது எதில் இறங்க வேண்டும் என்று முழுப்பெயராகச் சொல்லி அனுப்புங்கள், பெட்டி படுக்கையோடு நடைமேடையில் திணறுவது அவர்கள்தான்.

பி.டி.எம்.

ஒரு ஊர் இல்லை, மூன்று: பைரசந்திரா, தாவரெகெரெ, மடிவாளா. மாகடி ரோட்டிலும் ஒரு தாவரெகெரெ உண்டு.

அல்சூரா, ஹலசூருவா

இரண்டும் ஒன்றே. மெட்ரோ பலகையில் ஹலசூரு, நம் பழைய ஆட்கள் வாயில் அல்சூர். பெரியவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

மேப்பில் முதலில் வருவதைத் தொடுவது

ப்யாடராயனபுரா என்று தேடினால் மைசூரு ரோட்டில் ஒன்று, பல்லாரி ரோட்டில் ஒன்று. எழுத்தும் அதே, உச்சரிப்பும் அதே, தொட்டவும் இல்லை சிக்கவும் இல்லை. ஊரின் இரண்டு வெவ்வேறு முனைகள். இதற்கு ஒரே வழி எந்த ரோடு என்று கேட்பதுதான். அப்புறம் பின்கோடையும் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் எழுதவும் ஆகும்.