வீட்டுப் பிளானை ஸ்கேல் தப்பாமல் பிரிண்ட் எடுப்பது

வீட்டுப் பிளானைக் கீறுவது கொம்பியூட்டரில் என்றாலும் வீடு எழும்புவது பேப்பரை வைத்துத்தான். பிரதேச சபையில் தொழில்நுட்ப அலுவலர் அந்தப் பேப்பரில் ஸ்கேல் அடிமட்டம் வைத்து மதிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்ப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றிலிருந்து மலசலகூடக் குழி வரைக்கும் ஸ்கேல் வைப்பார். அத்திவாரம் வெட்டுகிற அன்று மேசன் அதே பேப்பரை வளவுக்குள் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு அளவு வாசிப்பார். மூன்று பேருக்கும் ஒரே அளவு வரவேண்டும்.

மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் வீட்டோடு உள்ள ஓர் அறையில் நான் பிளான் கீறிக் கொடுக்கிறேன். கீறப் பழகிய பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது பிரிண்ட் எடுப்பதைப் பற்றித்தான். கீறுவதை யூடியூப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். பேப்பருக்குக் கொண்டுவரும்போதுதான் அளவு ஓடிப்போகிறது. நான் பாவிப்பது ஓட்டோகேட். வேறு மென்பொருள் பாவிக்கிறவர்களுக்குப் பொத்தான்களின் பெயர் மாறலாம், கணக்கு மாறாது.

யூனிட் முதலில்

ஒரு கோடு கீறுவதற்கு முன்னர் யூனிட்ஸ் கட்டளையைத் திறந்து டெசிமல், மில்லிமீற்றர் என்று வையுங்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் உண்மை அளவில் கீறுங்கள். 10 அடி அறை என்றால் 3048, 9 அங்குலச் சுவர் என்றால் 228.6. ஸ்கேலைப் பற்றி இந்த இடத்தில் யோசிக்கவே வேண்டாம். 1:100 என்றால் வீட்டில் நூறு மில்லிமீற்றர் பேப்பரில் ஒன்று. "1:100 பிளான்தானே" என்று நூறால் வகுத்துக் கீறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு யன்னலை மாற்றுவதற்கும் கல்குலேட்டர் தேட வேண்டிவரும்.

அடியா மீற்றரா என்ற கேள்வி நம்முடைய பக்கத்தில் எப்போதும் வரும். நில அளவைப் படம் மீற்றரில் இருக்கும், மேசன் அடி அங்குலத்தில் வேலை செய்வார். நான் அறைகளை மேசனுக்குச் சுகமான அளவில்தான் திட்டமிடுவேன்: பத்தடி, பத்தரை அடி, பன்னிரண்டடி. 3000 மில்லிமீற்றர் என்று கீறினால் அடியில் அது 9 அடி 10 அங்குலமும் கொஞ்சமும் வரும். அந்தக் "கொஞ்சம்" ஒவ்வொரு சுவரிலும் சேர்ந்து கடைசியில் கதவு நிலையை இடிக்கும்.

பேப்பரில் இரண்டு அளவையும் காட்டலாம். டைமென்ஷன் ஸ்டைலில் ஓல்டர்நேட் யூனிட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, காட்டச் சொல்லி டிக் போட்டு, வகையை ஆர்கிடெக்சரல் என்று வைத்து, பெருக்கும் எண்ணாக 0.03937 கொடுங்கள். மில்லிமீற்றரை அங்குலமாக்கும் எண் அதுதான். சுற்றி எடுக்கும் அளவாக 0.5 கொடுத்தால் அரை அங்குலத்துக்குக் கீழே பின்னங்கள் வராது. இப்போது 3048 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 10 அடி என்று தானாக வரும்.

நில அளவைப் படம் சேர்வேயரிடமிருந்து கோப்பாகவே கிடைத்தால் அதிஷ்டம். பெரும்பாலும் அதில் ஒரு யூனிட் ஒரு மீற்றர். உங்கள் மில்லிமீற்றர் பிளானுக்குள் கொண்டுவரும்போது ஆயிரம் மடங்கு பெருப்பிக்க வேண்டும். பேப்பர் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஸ்கேனரில் வைத்து எடுங்கள். போனில் படம் பிடித்தால் ஓரங்கள் வளையும், பேப்பர் சரிந்திருந்தால் சதுரம் சதுரமாக இராது. படத்தை உள்ளே கொண்டுவந்து, எல்லையின் ஒரு நீளப் பக்கத்தை வைத்து அலைன் கட்டளையால் உண்மை நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். அதன்பின் மற்றப் பக்கங்களை டிஸ்ட் கட்டளையால் அளந்து, படத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லையைச் சுற்றி ஒரு பொலிலைன் (ஒரே தொடராக ஓடும் கோடு) போட்டு பரப்பையும் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 25.29 சதுர மீற்றர். 10 பேர்ச் காணி கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மேலே போகாதீர்கள்.

லேஅவுட்டில் பேப்பரை விரிப்பது

வீட்டை உண்மை அளவில் கீறிய பக்கத்துக்கு மொடல் என்று பெயர். அந்த மொடல் பக்கத்திலிருந்து நேரே பிரிண்ட் கொடுக்க முடியும்தான். நான் அதைச் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். லேஅவுட் என்பது மேசையில் விரித்த வெறும் பேப்பர். அதில் ஜன்னல் வெட்டி உள்ளே இருக்கும் வீட்டைப் பார்க்கிறோம். அந்த ஜன்னலுக்குத்தான் வியூபோர்ட் என்று பெயர், ஸ்கேல் கொடுப்பது அதற்கு மட்டும்தான்.

லேஅவுட் தாவலில் வலது சொடுக்கு செய்து பேஜ் செட்டப்பைத் திறவுங்கள். பிரிண்டர் இடத்தில் டி.டபிள்யூ.ஜி டு பி.டி.எஃப், பேப்பர் ஐ.எஸ்.ஓ ஃபுல் பிளீட் ஏ3, அதாவது 420 க்கு 297. பிளொட் செய்யும் பகுதி லேஅவுட், ஸ்கேல் 1:1. பேப்பரின் ஸ்கேல் எப்போதும் 1:1 தான், இதில் 1:100 என்று போட்டுவிட்டுத் தலையைச் சொறிகிறவர்கள் நிறையப் பேர். பிளொட் ஸ்டைல் மோனோக்ரோம்.

பேப்பருக்குள் ஒரு சட்டம் கீறுங்கள். மூன்று பக்கமும் 10 மில்லிமீற்றர் விட்டு, இடது பக்கம் மட்டும் 20 விடுங்கள். ஃபைலில் துளை போடுகிற பக்கம் அது. பெரும்பாலான பிரிண்டர்கள் பேப்பரின் விளிம்பு வரை அடிக்காது என்பதால் 10 க்குக் குறைத்தால் சட்டத்தின் கோடே காணாமல் போகலாம்.

பிறகு எம்வியூ கட்டளையால் ஒரு வியூபோர்ட் போட்டு, அதற்குரிய ஸ்கேல் பட்டியலில் 1:100 தெரிவு செய்யுங்கள். மீற்றரில் கீறிய கோப்பு யாராவது தந்தால் அந்தப் பட்டியல் உதவாது. வியூபோர்ட்டுக்குள் இரட்டைச் சொடுக்கு செய்து, சூம் என்று அடித்து 10எக்ஸ்பி (10xp) கொடுங்கள். ஒரு மீற்றரில் 1000 மில்லிமீற்றர், அதை 100 ஆல் வகுத்தால் 10, கணக்கு அவ்வளவுதான். அங்குலத்தில் கீறிய கோப்பென்றால் 25.4 ஐ 100 ஆல் வகுத்து 0.254எக்ஸ்பி.

ஸ்கேல் கொடுத்த கையோடு வியூபோர்ட்டின் விளிம்பைத் தொட்டு, ப்ராப்பர்ட்டீஸில் டிஸ்பிளே லொக்ட் என்பதை யெஸ் ஆக்குங்கள். இந்த ஒரு பூட்டுக்காகவே இதை எழுதலாம். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் போய் மவுஸ் சில்லை ஒரு தரம் உருட்டினாலும் 1:100 என்பது 1:97.3 ஆகிவிடும். திரையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

12 க்கு 9 மீற்றர் வீடு 1:100 இல் பேப்பரில் 120 க்கு 90 மில்லிமீற்றர்தான். ஆகவே தரைப் பிளான், முன்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு எல்லாம் ஒரே ஏ3 இல் வசதியாக இருக்கும். அத்திவாரத்தின் வெட்டுமுகத்துக்கும் மலக்குழிக்கும் 1:20 அல்லது 1:25 இல் தனி வியூபோர்ட் போடுங்கள். ஒரே பேப்பரில் பல ஸ்கேல் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கீழேயே அதன் ஸ்கேலை எழுத வேண்டும். மூலையில் மட்டும் "1:100" என்று எழுதி விடுவது ஆளை ஏமாற்றுகிற வேலை.

வியூபோர்ட்டின் சதுரக் கோடு பேப்பரில் வராமல் இருக்க, அதற்கென ஒரு லேயர் (ஒரு வகைக் கோடுகளைத் தனியாக வைக்கும் அடுக்கு) வைத்து, அந்த லேயரின் பிரிண்டர் அடையாளத்தை அணைத்துவிடுங்கள். அத்திவாரப் பிளானில் கட்டிலும் கதிரையும் தெரியத் தேவையில்லை. அந்த வியூபோர்ட்டுக்குள் நின்று தளபாட லேயரை வி.பி ஃப்ரீஸ் செய்தால் அங்கே மட்டும் மறையும், தரைப் பிளானில் அப்படியே இருக்கும். ஒரே வீட்டை இரண்டு தரம் கீற வேண்டியதில்லை.

வலது பக்கப் பட்டையில் சொந்தக்காரரின் பெயர், நில அளவைப் பட இலக்கம், காணித் துண்டு இலக்கம், கிராம சேவையாளர் பிரிவு, திகதி, தாள் இலக்கம் இவற்றை எழுதி, கையெழுத்துக்கும் முத்திரைக்கும் உள்ளங்கை அளவு வெறும் இடம் விடுங்கள். வடக்குக் குறியை மறக்க வேண்டாம்.

கோடும் எழுத்தும்

எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் வந்தால் சுவர் எது தரை ஓடு எது என்று தெரியாது. நான் வெட்டுப்படும் சுவருக்கு 0.5 மில்லிமீற்றர், கதவு யன்னலுக்கு 0.25, அளவுக் கோடுகளுக்கு 0.18, பரப்பை நிரப்பும் ஹாட்ச்சுக்கு 0.09 வைக்கிறேன். லேயரிலேயே தடிப்பைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு கோடாகத் தொடத் தேவையில்லை.

மோனோக்ரோம் போட்டும் சில கோடுகள் நிறமாகவோ மங்கலாகவோ வந்தால், அவற்றுக்கு ட்ரூ கலர் கொடுக்கப்பட்டிருக்கும். மோனோக்ரோம் கறுப்பாக்குவது 1 முதல் 255 வரை இலக்கமிட்ட நிறங்களை மட்டும்தான். இணையத்திலிருந்து இறக்கிய கட்டில், வாகனப் படங்களில் இது அதிகம்.

கூரைத் தாழ்வாரத்தையும் நிலத்துக்குக் கீழே போகும் குழாயையும் காட்டும் முறிகோடு முழுக்கோடாக வந்தால், முறிகோட்டின் அளவைத் தீர்மானிக்கும் பி.எஸ்.எல்.டி.ஸ்கேலை (PSLTSCALE) 1 ஆக்கி, எல்.டி.ஸ்கேலை (LTSCALE) 1 இலிருந்து 0.5 வரை இறக்கிப் பார்த்து, ரீஜென் ஓல் கொடுங்கள்.

எழுத்து பேப்பரில் 2.5 மில்லிமீற்றர் உயரம் இருந்தால் வாசிக்கலாம். மொடல் பக்கத்தில் எழுதினால் 1:100 க்கு அது 250 ஆக இருக்க வேண்டும். தமிழில் எழுதுவதென்றால் யூனிகோட் எழுத்துருவில் எழுதுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த "குசினி", "விறாந்தை", "சாமியறை" எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கடைக்கு மூலக் கோப்பைக் கொண்டுபோகாமல் பி.டி.எஃப் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடும்.

கடையில்

பல தாள்கள் இருந்தால் பப்ளிஷ் கட்டளையால் ஒரே பி.டி.எஃப் ஆக்குங்கள். ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் சரியாக 100 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு கீறி "100 மி.மீ" என்று எழுதி வையுங்கள். அப்புறம் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குப் போகும்போது பையில் ஓர் அடிமட்டமும் போகட்டும்.

பி.டி.எஃப் திறந்து பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் "ஃபிட்" என்று பெரும்பாலும் முன்னரே தெரிவு செய்யப்பட்டிருக்கும். அதை "அக்சுவல் சைஸ்" என்று மாற்றச் சொல்லுங்கள். கடைத் தம்பி அவசரத்தில் இருப்பார், இருந்தாலும் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். "ஃபிட்" பேப்பருக்குள் அடங்குவதற்காகப் படத்தைச் சுருக்கும். 95 வீதத்துக்குச் சுருங்கியது என்று வைப்போம். 1:100 இல் பத்தடி அறை பேப்பரில் 30.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டியது 29 ஆகிவிடும். ஸ்கேல் வைத்தால் ஒன்பதரை அடி. காத்தான்குடியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு மேசன் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இப்படி ஒரு பிளானை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, எழுதியிருக்கிறது பத்து, அளந்தா ஒம்பதரை. நான் எதைக் கட்டுற?" என்று கேட்டார். "எழுதியிருக்கிறதைக் கட்டுங்க காக்கா" என்றேன். எழுதிய அளவுதான் முடிவு என்று தாளிலும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆனால் சபையில் அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது, அங்கே ஸ்கேலும் ஒத்துவர வேண்டும்.

முதல் தாள் வந்ததும் அந்த 100 மில்லிமீற்றர் கோட்டில் அடிமட்டத்தை வையுங்கள். சரியென்றால் மற்றத் தாள்களை அடிக்கச் சொல்லுங்கள். சரியில்லாவிட்டால் ஒரு தாளின் காசோடு போகும்.

போட்டோ கொப்பி எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். மெஷினில் 100 வீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏ3 ஐ ஏ4 ஆகச் சுருக்கினால் 71 வீதம், அப்போது 1:100 என்பது 1:141 ஆகிவிடும். எந்த ஸ்கேலிலும் அதை அளக்க முடியாது. ஏ1 ஐ ஏ3 ஆக்கினால் சரியாகப் பாதி, 1:100 பிளான் 1:200 ஆக வரும், அது பாவிக்கலாம். எழுதியிருக்கும் ஸ்கேலை மட்டும் திருத்த வேண்டும்.

சொந்தக்காரர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பது நமக்குப் புதிதல்ல. அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியூமென்ட் ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அளவு எண்கள் கரைந்துபோகும், அவர் 3 ஐ 8 என்று வாசித்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்குப் போன் எடுப்பார்.

வளவுக்குக் கொடுக்கும் தாள் டோனரில் அடித்ததாக இருக்கட்டும். மாரியில் நம்முடைய ஊரில் நனையாத தாள் இல்லை. இங்க்ஜெட்டில் அடித்ததில் நாலு துளி விழுந்தாலே எண்கள் ஊறிப் படர்ந்துவிடும். டோனர் நனைந்தாலும் நிற்கும். தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுங்கள். சபைக்குக் கொடுப்பதை லமினேட் செய்யாதீர்கள், அதில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

கட்டுகிற நேரத்தில் மாற்றம் வராத வீடு இல்லை. குசினிக் கதவு இடம் மாறும், விறாந்தை நீளும். மாற்றிய ஒவ்வொரு தரமும் திகதியையும் திருத்த இலக்கத்தையும் தாளில் மாற்றி, கோப்பையும் புதுப் பெயரில் சேமித்துவிட்டு, புதுத் தாளை நீங்களே வளவுக்குக் கொண்டுபோய்ப் பழையதைக் கையோடு வாங்கி வாருங்கள். இரண்டும் அங்கே கிடந்தால் மேசன் ஒன்றையும் ஓடாவி (தச்சர்) மற்றதையும் பார்த்து வேலை செய்வார்கள்.