சேஃப்டி கண்ணாடியில ஆவி அடிக்குதுன்னு கழட்டி வைக்கிறவங்களுக்கு

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில 16 வருசமா வேலை பாக்குறேன். ஏன்டா கண்ணாடி போடலன்னு பசங்ககிட்ட கேட்டா, "போட்டா ஆவி அடிக்குதுண்ணே, மார்க் பண்ண கோடே தெரிய மாட்டேங்குது"ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது பொய்யில்ல, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு ஐப்பசி மழையில, திருமங்கலத்துல ஒரு வீட்டு கேட்டுக்கு ஏஜி4 மிஷின், அதான் கையில புடிக்கிற சின்ன கிரைண்டர், வச்சு வெல்டிங்கத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன், ஒண்ணுமே தெரியலன்னு கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டேன், அந்த ரெண்டு நிமிசத்துல கண்ணுல தூள் விழுந்துருச்சு. மண்ணு விழுந்த மாதிரிதான இருக்குன்னு தண்ணிய அடிச்சுக் கழுவிட்டுப் படுத்துட்டேன், காலையில கண்ணத் தொறக்க முடியல. டாக்டர் மரத்துப்போற சொட்டு விட்டு ஊசி முனையால எடுத்தாரு, இரும்பு வந்ததுக்கு அப்புறமும் அது இருந்த எடத்துல துரு வளையமா நின்னுச்சு, அதையும் சொரண்டித்தான் எடுத்தாரு.

ஆவி ஏன் வருதுன்னு புரிஞ்சா பாதி தப்பப் பண்ண மாட்டோம். நாம விடுற மூச்சு கிட்டத்தட்ட 34 டிகிரி சூட்டுல ஈரமா வரும், கண்ணாடி அதவிடக் குளுந்து கெடந்தா அந்த ஈரம் பட்டதும் பொடிப்பொடித் துளியா ஒட்டிக்கிரும். சித்திரையில தகரக் கொட்டகைக்குள்ள 38, 39 டிகிரி அடிக்கும்போது மூச்சுனால அவ்வளவா ஆவி அடிக்காது, வேர்வை சொட்டுறதுதான் தொந்தரவு. மழை நாள்லயும் மார்கழி காலை ஷிப்ட்லயும்தான் உசுர வாங்கும். மழை நேரத்துல ஏசி போட்ட சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மிஷின்) ரூம்ல இருந்து வெளிய வந்தாலும் அடிக்கும், அப்ப தொடைக்காம கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தாலே சூடாகி தானாப் போயிரும்.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு சட்டை நுனியிலயோ பனியன் வேஸ்ட்லயோ தொடைக்கிறதுதான். அந்தத் துணியில இரும்புத் தூளும் ஆயிலும் இருக்கும். சேஃப்டி கண்ணாடி பாலிகார்பனேட், துண்டு தெறிச்சு அடிச்சாத் தாங்கும் ஆனா தூளு ஒரசுனா சடார்னு கீறல் விழுந்துரும். ஆன்ட்டி ஃபாக் கோட்டிங் இருக்குற கண்ணாடின்னா அந்தக் கோட்டிங்கும் தேய்ஞ்சு போயிரும், அப்புறம் முன்னவிட அதிகமா ஆவி அடிக்கும், திரும்பத் தொடைப்போம், இப்படியே போயி ஒரே மாசத்துல கண்ணாடி பால் மாதிரி வெளுத்துரும். மொதல்ல தண்ணியில அலசித் தூளப் போக்கிட்டு, சுத்தமான மெல்லிசு துணியில ஒத்தி எடுங்க, போதும்.

பல் வெளக்குற பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்லி வீடியோல்லாம் வருது, அதைச் செய்யவே செய்யாதீங்க, பேஸ்ட்டுல இருக்குற பொடி கீறிரும். தின்னர், பெட்ரோல் அதவிட மோசம், பாலிகார்பனேட்டுல மயிர் மாதிரி விரிசல் விடும், அப்புறம் பெரிய துண்டு வந்து அடிச்சா அது தாங்காது. கோட்டிங் இல்லாத கண்ணாடின்னா உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட லேசாத் தடவி, காய விட்டு, துணியால மெருகேத்துங்க. சில மணி நேரம் தாங்கும், மறுபடி தடவிக்கலாம்.

மூக்க மூடித் துண்டு கட்டுறவங்க கவனிங்க. மேலூர் பக்கம் கல்லுப் பட்டறையில இத நெறையப் பாத்திருக்கேன். துண்டுக்குள்ள விடுற மூச்சு அம்புட்டும் மேல ஏறி நேரா கண்ணாடிக்குத்தான் போகும், கல்லுத் தூளையும் அந்தத் துண்டு நிறுத்தாது. மூக்குக் கம்பி வச்ச என்95 போட்டு, கம்பிய ரெண்டு கை வெரலாலயும் மூக்கோட படிய அமுக்கி, மாஸ்க் ஓரத்துக்கு மேல கண்ணாடிய உக்கார வைங்க.

அடுத்து, தூளு வருதுன்னு, கண்ணச் சுத்தி மூடுற காகிள்ஸோட காத்து ஓட்டைய டேப் போட்டு அடைக்கிறது. அடைச்சா உள்ள வேர்வை ஈரம் போக வழியே இல்ல. தூளும் தண்ணியும் தெறிக்கிற வேலைக்கு ஓட்டை நேரா இல்லாம வளைஞ்சு போற மாடல் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. வாங்கும்போது கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரம் EN 166 போட்டிருந்தா பக்கத்துல N எழுத்து இருக்கான்னு பாருங்க, ஆவி படியாததுக்கு டெஸ்ட் பண்ணதுன்னு அர்த்தம், K எழுத்து இருந்தா கீறல் தாங்கும்.

டீ குடிக்கப் போறப்ப நெத்தியில ஏத்தி வைக்காதீங்க, நெத்தி வேர்வையெல்லாம் உள்பக்கம் ஏறிரும். கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விடுங்க. வேலைக்கு நடுவுல ஆவி அடிச்சா மொதல்ல மிஷின ஆஃப் பண்ணி, வீல் நின்னதப் பாத்துட்டு, தள்ளி வந்து அப்புறமா கழட்டுங்க.