பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.: வழிகாட்டுதலை எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறோம்?

வேலூரில் வெயில் ஏறினால் குழந்தைகளுக்குப் பேதி வருவதும், "உலக சுகாதார நிறுவனம் சொன்னது" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுவதும் ஒன்றாகவே நடக்கும். படத்தில் முத்திரை இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்த நிறுவனத்தில் வழிகாட்டுதல்களை ஆராய்ந்து ஒப்புதல் தர 2007 முதல் தனிக்குழுவே இருக்கிறது. ஆய்வுகளை எப்படித் திரட்டினார்கள், எழுதியவர்களில் யாருக்காவது மருந்து கம்பெனியோடு தொடர்பு உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். உண்மையான ஆவணத்தில் வெளியான ஆண்டு இருக்கும், பரிந்துரை எவ்வளவு உறுதியானது என்பதும் இருக்கும். இரண்டும் இல்லாத படத்தைத் தள்ளிவிடுங்கள்.

ஒருமுறை ஒப்புதல் கிடைத்தால் அது என்றைக்கும் மாறாது என்று நினைப்பதும் தப்பு. பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசலையே பாருங்கள். பழைய கலவையில் உப்பும் குளுக்கோஸும் கூடுதல். இரண்டையும் குறைத்தால் நரம்பில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய குழந்தைகளும் குறைகிறார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒரே ஆய்வை நம்பி மாற்றவில்லை. அதனால்தான் 2002-ல் வந்த புதிய கலவைக்கு இவ்வளவு மதிப்பு. இப்படி ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் இயங்கியது. ஊருக்கே பெருமையான விஷயம், வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

சரி, வழிகாட்டுதல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டில் கலக்கும்போதுதான் கெடுகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கொட்டிக் கொடுக்கிறார்கள். உப்பு அளவு தாறுமாறாகும். குழந்தைக்கு அது ஆபத்து. 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, அதனால் உறையில் போட்டிருக்கும் அளவைப் படித்து, முழு பாக்கெட்டையும் அவ்வளவு தண்ணீரில் கரையுங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். கடையில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பேதி நின்றதும் நிறுத்திவிடுகிறோம். பரிந்துரை 10 முதல் 14 நாள் வரை. அதேபோல, "வயிறு காயட்டும்" என்று தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.

கண் குழிவிழுந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள். குடிக்க முடிந்தால் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.