பிரஷ்லெஸ் ஆர்சி காருக்கு இஎஸ்சி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இஎஸ்சி, அதாவது ரிமோட் காரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மேலே பெரிதாக அச்சடித்திருக்கும் ஆம்ப் எண்ணைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் பேட்டரியைப் பாருங்கள். ஆம்ப் கொஞ்சம் மீறினால் நல்ல இஎஸ்சி சூடேறித் தானாக நின்றுவிடும், ஆறியதும் ஓட்டலாம்; வோல்ட் மீறினால் பேட்டரியை மாட்டியவுடனேயே உள்ளே கரன்ட்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோ கெப்பாசிட்டரோ போய்விடலாம். லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று பெயருக்கு 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. 2எஸ் என்றால் இரண்டு செல் தொடராக, 3எஸ் என்றால் மூன்று; அதாவது 2எஸ் பேட்டரி 8.4 வோல்ட் வரை, 3எஸ் 12.6 வரை போகும். இன்றைக்கு 2எஸ் ஓட்டினாலும் பிறகு 3எஸ் மாட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே 3எஸ் தாங்குவதாக வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மோட்டார். கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 3300 கேவி மோட்டார் 8.4 வோல்ட்டில் கிட்டத்தட்ட 27,700 சுற்று சுற்றும், அதே மோட்டார் 12.6 வோல்ட்டில் 41,500-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் இஎஸ்சியின் கையேட்டில் 2எஸ்ஸுக்கு ஒரு கேவி வரம்பும் 3எஸ்ஸுக்கு அதைவிடக் குறைவான வரம்பும் போட்டிருப்பார்கள், சிலர் கேவிக்குப் பதில் டர்ன் (மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று) கணக்கில் கொடுப்பார்கள். இந்த வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

சரி, இப்போது ஆம்ப். பர்ஸ்ட் (சில நொடி மட்டும் தாங்கும் ஆம்ப்) என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதை எத்தனை நொடிக்கு அளந்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொடர்ந்து தாங்கும் ஆம்ப் எவ்வளவு என்பதுதான் முக்கியம். 2எஸ்ஸில் ஓடும் சாதாரண 1/10 (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு) காருக்கு 60 ஆம்ப் போதும். அதே அளவில் கனமான நான்கு சக்கர டிரைவ் டிரக், அதுவும் 3எஸ் என்றால் 80 முதல் 120. 1/8 பக்கிக்கு 4எஸ்ஸில் 150 வேண்டும். மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் வேண்டுமோ அவ்வளவைத்தான் அது இழுக்கும் என்பதால் பெரிய இஎஸ்சி போட்டால் மோட்டார் எரியும் என்ற பயம் வேண்டாம், எடையும் விலையும் கூடும், அவ்வளவுதான்.

மோட்டாரின் சுழலும் பகுதி எங்கே நிற்கிறது என்று இஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் வேண்டுமா? பாறை ஏறும் கிராலருக்கு, அல்லது மெதுவாக நுணுக்கமாக ஓட்டுகிறவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பும்போது கார் திக்கித் திக்கி நகரும். வேகமாக ஓட்ட மட்டும்தான் என்றால் சென்சார் இல்லாததே போதும். சென்சார் கேபிள் மாட்டினால் இஎஸ்சியிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஏ, பி, சி வயர்களை அதே வரிசையில்தான் இணைக்க வேண்டும். சென்சார் இல்லாத மோட்டாரில், கார் பின்னோக்கிப் போனால், எந்த இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

யாரும் கவனிக்காத விஷயம் பெக் (BEC), இஎஸ்சிக்குள்ளேயே இருக்கும் சிறிய மின் சப்ளை. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். பலமான சர்வோ போட்டிருக்கிறீர்கள், பெக் 2 ஆம்ப்தான் கொடுக்கும் என்றால், முழு வேகத்தில் வளைக்கும்போது வோல்ட் இறங்கி ரிசீவர் ஒரு கணம் அணைந்து எழும்பும், அந்த ஒரு கணத்தில் கார் உங்கள் கையில் இருக்காது. ஆகவே சர்வோ நின்றுபோகும் அளவு அழுத்தத்தில் எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று பார்த்து அதற்கு மேல் கொடுக்கும் பெக்காக எடுங்கள். பெக் 7.4 வோல்ட்டில் இருந்து சர்வோ 6 வோல்ட் வரைதான் தாங்கும் என்றால் சர்வோ கருகிவிடலாம், அதையும் பாருங்கள்.

விமானத்துக்கோ டிரோனுக்கோ செய்த இஎஸ்சி மலிவாகக் கிடைக்கிறதென்று காரில் போட வேண்டாம். கார் கேட்கிற பிரேக்கும் ரிவர்ஸும் பெரும்பாலும் அதில் இருக்காது, ப்ரொப்பெல்லர் காற்றில் ஆறும்படி செய்தது காரின் மூடிய பாடிக்குள் வெந்துவிடும்.

மாட்டியதும் பேட்டரி வகையை லிப்போ என்று செட் செய்யுங்கள், இல்லாவிட்டால் செல் அடிமட்டத்துக்கு இறங்கும்வரை கார் நிற்காது. சிறிய பினியனில் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) தொடங்கி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு இஎஸ்சியையும் மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் இன்னும் ஒரு பல் குறைந்த பினியன் போடுங்கள், சூடு அடங்கியிருந்தால் ஒவ்வொரு பல்லாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.