புதுக் கணினிக்குள் பழைய விண்டோஸ்: மூட்டையை இறக்கும் வழி

கணினி வாங்கிச் சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு புகைப்படம்கூட ஏற்றியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் சி டிரைவில் பல ஜிபி இடம் காணாமல் போயிருக்கும். திருடனைத் தேட வேண்டாம், அது விண்டோஸின் வேலை.

தொழிற்சாலையில் ஏற்றிய பதிப்பு, கணினி உங்கள் மேசைக்கு வருவதற்குள் பழையதாகிவிடுவது உண்டு. இணையம் கிடைத்ததும் கணினி புதிய பதிப்புக்கு மாறுகிறது. அது பெரிய மாற்றமாக இருந்தால், பழையதை அழிக்காமல் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் கட்டி வைக்கிறது. புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போவதற்கான ஏற்பாடு இது. பொதுவாக 10 நாள் கெடு. அதன்பின் விண்டோஸே அழித்துவிடும். இடத்துக்கு அவசரம் இல்லையென்றால் காத்திருப்பதே என் யோசனை.

காத்திருக்க முடியாதா? முதலில் ஒலி, வைஃபை, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அழித்த பிறகு பழைய பதிப்புக்கு இந்த வழியில் திரும்ப முடியாது.

அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை மட்டும் அழுத்தாதீர்கள். நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். அனுமதி இல்லை என்று ஒவ்வொரு கோப்புக்கும் மறுப்பு வந்தது. அவை கணினி அமைப்புக்குச் சொந்தமான கோப்புகள். அதனால் அமைப்பின் வழியாகவே போக வேண்டும்.

படி 1: விண்டோஸ் விசையுடன் ஆங்கில ‘ஐ’ (I) எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11 என்றால் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். பட்டியல் வரச் சற்று நேரம் ஆகும்.

படி 2: ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்ற வரியை டிக் செய்யுங்கள். தற்காலிக நிறுவல் கோப்புகள் என்று தனி வரி இருந்தால் அதையும் சேர்க்கலாம். இங்கேதான் கவனம் தேவை: அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அது குப்பை அல்ல, நீங்கள் பதிவிறக்கிய கோப்புகள். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 3: ‘ரிமூவ் ஃபைல்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். சில நிமிடங்கள் பிடிக்கும். நடுவில் கணினியை அணைக்காதீர்கள்.

அந்த வரியே தென்படவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் டிஸ்க் கிளீனப்பைத் தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வரும் பட்டியலில் பழைய விண்டோஸ் இருக்காது. ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் முழுப் பட்டியலும் வரும். பலர் இந்தப் பொத்தானைக் கவனிக்காமல், ஒன்றுமே இல்லை என்று மூடிவிடுகிறார்கள்.

இடம் கிடைத்த உற்சாகத்தில் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று தனியாகப் பிரித்து வைத்த வட்டுப் பகுதியில் கை வைக்காதீர்கள். அது மிச்சக் கோப்பு அல்ல. கணினி படுத்துவிட்டால் எழுப்புவதற்கு வைத்திருப்பது.